டெல்பர்ட்டுக்குப் போன பிரேஸ்லெட்

மார்ச் 4, செவ்வாய்

சலவைக்கூடத்தில் இரண்டு இயந்திரங்கள் ஓடவில்லை. விரிப்புகளைப் பாதி கையால் பிழிந்தோம். விரல் மடங்க மறுக்கிறது. எழுத்து கோணலாக வருகிறது.

என் மகள் கெசியாவுக்குப் பன்னிரண்டு வயது ஆக இன்னும் பதினெட்டு நாள். பரிசு கிளம்பியிருக்குமா? ஜனவரியிலேயே படிவம் போட்டுவிட்டேன். "ஆர்டர் கிடைத்தது" என்று ஒரு சீட்டு வந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நீலப் புத்தகக் கம்பெனி என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வோம். அட்டை நீலம். கைதிகள் வெளியே இருக்கும் குடும்பத்துக்குப் பரிசு அனுப்புவதற்கென்றே நடக்கும் கம்பெனி. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வெள்ளி பிரேஸ்லெட், பெயர் பொறித்தது. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை திருப்பினேனோ, மடிப்பே கிழிந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

நடீன் கேட்டாள்: "பேரை எப்படி எழுதினே? எழுத்து எழுத்தா, கட்டம் கட்டமா எழுதினியா?"

எழுதினேன் என்றேன்.

"சீட்டை வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்டி. எதுக்கு?"

"சும்மா. பதினெட்டு வருஷம் துல்சால லாரி அனுப்புற மேசையில உக்காந்திருந்தேன். சீட்டு இல்லாதவனுக்கு சரக்கு கிடைச்சதே இல்ல."

நடீன் டாலிவர் என் மேல்படுக்கை. என்னைவிட மூன்று வயது சின்னவள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒரு மாலை, ஒருவர் இறந்துபோனார். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, மறைப்பதும் இல்லை.

மார்ச் 22, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

போனில் பதினைந்து நிமிடம். பிறந்தநாள் பாட்டெல்லாம் பாடி முடித்தேன். "பெட்டி வந்துச்சும்மா" என்றாள் கெசியா.

"பிடிச்சிருக்கா?"

"அம்மா... டெல்பர்ட் யாரு?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "ஒரு தொப்பி இருக்கு. மீன் பிடிக்கிற தொப்பி. 'உலகத்துலயே நல்ல புருஷன்'னு போட்டிருக்கு. அப்புறம் சீஸ், சாஸேஜ். ஒரு அட்டை. 'என் டெல்பர்ட்டுக்கு, முப்பது வருஷம்'னு."

தப்பா அனுப்பிட்டாங்க, நான் பிரேஸ்லெட் சொன்னேன், உன் பேர் போட்டு — என்று நான் உளற உளற, அவள் மெதுவாகச் சொன்னாள்: "பரவாயில்லம்மா. நீ மறந்திருந்தாலும் பரவாயில்ல."

மறக்கலடி! மறக்கவே இல்ல. ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது? அவ அஞ்சாவது பொறந்தநாளுக்கு கேக் வாங்கிட்டு வர்றேன்னு போனவ மறுநாள் தான் வந்தேன். அதுவும் போதை மாத்திரை போட்டுக்கிட்டு, கையில கேக் இல்லாம. அப்பவும் இதையேதான் சொன்னா. பரவாயில்லம்மா.

கெசியாவை வளர்க்கிற வெர்னா அண்ணி போனை வாங்கிக்கொண்டாள். "கார்லிஸ், ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் முன்னாடி பிரிச்சா உன் பொண்ணு. எல்லாரும் சிரிச்சாங்க. இனிமே எதுவும் அனுப்பாத, அதுவே போதும்."

மார்ச் 23, ஞாயிறு

சாப்பிடவில்லை. நடீன் தன் தட்டிலிருந்து சோள ரொட்டியை எடுத்து என் தட்டில் வைத்தாள். என்ன நடந்தது என்று அவளிடம் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மஞ்சள் தாள் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தேதியிலருந்து சொல்லு. என்னைக்கு படிவம் போட்டே?"

மார்ச் 25, செவ்வாய்

கம்பெனிக்கு நடீன் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். நானாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். அவள் ஒரு கெட்ட வார்த்தை போடவில்லை. என்ன கேட்டோம், என்ன வந்தது, யாருக்கு வந்தது, அந்தப் பிள்ளைக்கு என்ன வயது. கடைசி வரி: "இதைப் படிப்பவர் ஒரு மனிதர் என்று நம்புகிறேன். உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதவும்."

இங்கே கொடுக்கும் பேனா சுண்டு விரல் நீளம், ரப்பர் மாதிரி வளையும். அதில் எப்படித்தான் இவ்வளவு நேராக எழுதுகிறாளோ.

ஏப்ரல் 11, வெள்ளி

பதில் வந்தது. அச்சடித்த அட்டை. "மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் இணையதளத்துக்கு வாருங்கள். அல்லது எங்கள் இலவச எண்ணை அழையுங்கள்."

இங்கே இணையம் கிடையாது. இங்குள்ள போனில் இலவச எண் எதுவும் போகாது. கைதிகளுக்கென்றே கடை நடத்துகிறவர்களுக்கு இது தெரியாதா?

பெயர் இல்லை.

நடீன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி. அப்ப முதல் கடிதத்தை யாரும் படிக்கல. ரெண்டாவதைப் படிக்க வைக்கணும்."

எனக்கு அழுகையும் கோபமும். "விடுடி, இவனுங்க திருந்த மாட்டானுங்க. நம்ம எல்லாம் யாரு அவனுங்களுக்கு?"

"யாரா வேணா இருந்துட்டுப் போறோம். பொண்ணுக்கு பிரேஸ்லெட் வரணுமா வேணாமா?"

ஏப்ரல் 14, திங்கள்

விஷயம் பரவிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி சொல்கிறாள், அவள் அம்மாவுக்கு அனுப்பிய போர்வை ஆகஸ்டிலிருந்து வரவில்லை. இன்னொருத்தி மகனின் புகைப்படம் போட்ட கோப்பை கேட்டாள். யாரோ ஒரு நாயின் படம் போட்டு வந்ததாம். "நல்ல நாய்தான்" என்றாள். சிரித்தோம். பிறகு அவளே தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

நடீன் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்கிறாள். "சீட்டு இருக்கா?"

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டாவது பதில். இந்த முறை ஒரு முழுத் தாள். தவறான பொருளின் புகைப்படத்தை, பரிசு பெற்றவர், ஏழு நாட்களுக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கடிதத்தின் தேதி ஏப்ரல் 15. இங்கே வந்து சேரும்போதே ஏழு நாள் முடிந்து இன்னொரு ஏழு நாளும் முடிந்துவிட்டது.

தபால் அறை க்ரோல் அம்மாள் உறையை நீட்டும்போது சொன்னாள்: "கார்லிஸ் மாடக்ஸ், உங்க ரூம்லருந்து போற கடிதத்தை நான் படிச்சுத்தானே அனுப்புறேன். எனக்கு யாராவது இப்படி எழுதினா வெக்கப்பட்டே வேலையை விட்டுடுவேன்." சொல்லிவிட்டு உறையின் மேல் இன்றைய தேதியை முத்திரை குத்திக் கொடுத்தாள். "எப்ப வந்துச்சுன்னு ஆதாரம் வேணும்ல." அது அவள் வேலை இல்லை.

மே 1, வியாழன்

நடீன் இன்று திடீரென்று கேட்டாள்: "டெல்பர்ட்டோட பெட்டிக்குள்ள ஒரு சீட்டு இருந்திருக்கணுமே?"

"இருந்தா?"

"உன் சரக்கு தொலையல கார்லிஸ். இடம் மாறியிருக்கு. தொலைஞ்சது வேற, இடம் மாறினது வேற. இடம் மாறினது எங்கயோ ஒரு வீட்டுல உக்காந்திருக்கும்."

எனக்கு இது ஏன் தோன்றவில்லை? ஐந்து வாரமாகக் கம்பெனியைத் திட்டுவதிலேயே இருந்தேன். இவள் பெட்டியை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மே 4, ஞாயிறு

கெசியா பெட்டியைத் தூக்கிப் போடவில்லை! அலமாரியில் வைத்திருக்கிறாளாம். சீட்டைப் படிக்கச் சொன்னேன். டெல்பர்ட் யான்சி. அர்கன்ஸா மாநிலத்தில் ஏதோ ஒரு கிராமச் சாலை. அனுப்பியவர் டோலோரஸ் யான்சி, பெயருக்குப் பக்கத்தில் ஒரு கைதி எண். ஆர்டர் எண் 60471.

என் சீட்டில் இருப்பது 60417.

நடீனிடம் சொன்னதும் படுக்கையிலிருந்து குதித்தாள். இரண்டு சீட்டெண்ணையும் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "பாத்தியா! கடைசி ரெண்டு எண்ணு. எவனோ அவசரத்துல மாத்தி ஒட்டிட்டான். அவ்வளவுதான்டி விஷயம்." நான்கு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்படியானால் எங்கோ அர்கன்ஸாவில் ஒரு மனிதன், முப்பதாவது கல்யாண நாளில், ஒரு சின்னப் பெண்ணின் பிரேஸ்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்திருக்கிறான். அவன் மனைவி அங்கே ஒரு சிறையில், என்னை மாதிரியே, போனில் என்ன கேட்டாளோ.

மே 6, செவ்வாய்

நான் டெல்பர்ட்டுக்கு எழுதுகிறேன் என்றேன். நடீன் வேண்டாம் என்றாள். முன்பின் தெரியாத ஆளின் விலாசத்தைக் கைதி வைத்திருந்து எழுதினால் தப்பாகப் போகுமாம். டோலோரஸுக்கும் முடியாது, சிறைக்குச் சிறை கடிதம் போகாது. "உன் பொண்ணு எழுதட்டும். அவ ஒண்ணும் கைதி இல்லையே."

மாலையில் அண்ணியைக் கேட்டேன்.

"என்ன சொன்னே? ஜெயில்ல இருக்கிற எவளோட புருஷனுக்கோ என் வீட்டுலருந்து கடிதம் போகணுமா?"

"ஒரு தொப்பியைத் திருப்பி அனுப்புறதுதான் அண்ணி..."

"கார்லிஸ், உங்க அண்ணன் எண்ணெய்க் கிணத்துக்குப் போனா மூணு வாரம் வீட்டுப் பக்கம் வர்றதில்ல. நான் ஆஸ்பத்திரி சமையல் கட்டுல நின்னுட்டு வந்து, இவ பாடத்தைப் பாத்து, துணியைப் பாத்து... இப்ப உன் தபால் வேலையும் நான்தான் பாக்கணுமா?"

கோபமாகக்கூட இல்லை. களைத்த குரல். அதுதான் தாங்கவில்லை.

நடீனிடம் வந்து அண்ணியைத் திட்டினேன். எதற்கும் ஒரு மனசு வேண்டும், இரண்டு வருடமாகப் பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை, அது இது என்று. நடீன் கேட்டுக்கொண்டே இருந்தாள். "உங்க அண்ணி விலாசம் குடு" என்றாள்.

மே 7, புதன்

நடீன் அண்ணிக்கு எழுதுகிறாள். என்ன எழுதினாள் என்று காட்ட மாட்டேன் என்கிறாள். "இது புகார் இல்ல. உனக்கு வேண்டாம்."

ஒரே பக்கம். ஆனால் இரண்டு முறை கிழித்துப் போட்டு எழுதினாள். கம்பெனிக்கு எழுதும்போது ஒரு முறைகூடக் கிழித்ததில்லை.

மே 12, திங்கள்

சலவை. மழை. ஒன்றுமில்லை.

மே 18, ஞாயிறு

அண்ணியே போனை எடுத்தாள்.

"யாரு அந்த நடீன்?"

என் கூட இருக்கிறவள் என்றேன். ஏதாவது தப்பாக எழுதிவிட்டாளா என்று பயந்தேன்.

"தப்பா ஒண்ணும் இல்ல." தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. படித்தாள். "'ஆறு வருடமாக அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நீங்கள். அதற்காக உங்களுக்கு யாரும் ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே தொப்பியைப் பற்றிக் கேட்பதற்கு முன் அதை எழுதுகிறேன்.'"



"தொப்பி நேத்தே போயாச்சு" என்றாள் அண்ணி. "கெசியாவே எழுதினா. சீஸை மட்டும் நாங்க சாப்பிட்டுட்டோம். அதையும் எழுதச் சொன்னேன். பொய் சொல்லக் கூடாதுல்ல."

மே 19, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். ஆறு வருடம். எத்தனை கடிதம் போட்டிருக்கிறேன் அந்த வீட்டுக்கு? எல்லாம் கெசியாவுக்கு. அண்ணிக்கு என்று ஒன்றுகூட இல்லை. போனில் "கெசியாவைக் கூப்பிடுங்க" என்பதைத் தவிர என்ன பேசியிருக்கிறேன்? ஒரு கடையைப் பற்றி இரண்டு மாதமாகக் கத்துகிறேன் — மனுஷியா மதிக்கல, பேர் போட்டு பதில் எழுதலன்னு. நான் மட்டும்?

நடீனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. சொல்லிக் காட்டவும் இல்லை.

இன்று அண்ணிக்கு எழுதினேன். நானே எழுதினேன், நடீனிடம் காட்டாமல். கோணலாக இருக்கிறது. அப்படியே அனுப்பினேன்.

ஜூன் 8, ஞாயிறு

கெசியா போனை எடுத்ததும் மூச்சு விடாமல் பேசினாள். பிரேஸ்லெட் வந்துவிட்டது! டெல்பர்ட் அனுப்பியிருக்கிறார். கூடவே நான்கு பக்கக் கடிதம். அவள் படிக்கப் படிக்க நான் அவசரமாக மனதில் ஏற்றிக்கொண்டேன். நினைவில் இருப்பதை எழுதுகிறேன்.

"அன்புள்ள கெசியா, பெட்டியைப் பிரித்ததும் எனக்குத் தெரியாமல் எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாளோ என்று நினைத்துவிட்டேன். என் மனைவி டோலியைக் கேட்டேன். அவள் போனில் அழுதாள். கம்பெனியைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். அதற்குள் டிராக்டரின் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டேன். கடைசியில் ஒருவர் வந்து, 'பெட்டி சேர்ந்துவிட்டதாகக் காட்டுகிறது' என்றார். சேர்ந்தது, ஆனால் என்னுடையது இல்லையே என்றேன். 'சேர்ந்துவிட்டதாகக் காட்டுகிறது' என்றார் மறுபடியும். பிரேஸ்லெட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. யாரோ ஒரு குழந்தையின் பெயர்; பெட்டிக்குள் விலாசச் சீட்டு இல்லை. ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன். தொப்பி எனக்குச் சரியாக இருக்கிறது. சீஸைப் பற்றிக் கவலைப்படாதே, டாக்டர் எனக்கு அதைத் தடுத்திருக்கிறார்."

கெசியா கடைசியில் சொன்னாள்: "அம்மா, நீ மறக்கவே இல்லல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். போன் கட்டாகிவிட்டது, நேரம் முடிந்தது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

டோலோரஸுக்கு டெல்பர்ட் எல்லாம் சொல்லியிருப்பார். அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவளும் நானும் ஒரே ஜனவரியில் ஒரே புத்தகத்தைப் பார்த்துப் படிவம் எழுதியிருக்கிறோம். அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

கம்பெனியிலிருந்து மூன்றாவது கடிதம். "உங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்பதில் மகிழ்ச்சி அடைகிறோம்." தீர்த்தது யாரு? கூடவே ஒரு கேள்வித்தாள், ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட.

கசக்கி எறியப் போனேன். நடீன் கையைப் பிடித்தாள். "குடு. மரியாதையா கேட்டிருக்கான், மரியாதையா பதில் சொல்லணும்."

ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று போட்டாள். 'இன்னும் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அதற்கு அவள் பதினோரு பக்கம் இணைத்தாள். எங்கள் கட்டடத்தில் மட்டும் இருபத்து மூன்று பெண்களின் புகார்கள். போர்வை, கோப்பை, நாய், எல்லாம் தேதியோடு, சீட்டு எண்ணோடு. கம்பெனிக்கு ஒரு பிரதி. எந்தக் கம்பெனி இங்கே விற்கலாம் என்று முடிவு செய்யும் சிறை அதிகாரிக்கு ஒரு பிரதி. இரண்டையும் கையாலேயே எழுதினாள். நான் விரல் நோகும்வரை ஒரு பிரதி எழுதித் தருகிறேன் என்றேன். "உன் கையெழுத்து வேணாம்டி, நம்ம பக்கம் தோத்துடும்" என்றாள்.

இத்தனையும் செய்கிறவள் அந்த நீலப் புத்தகத்தில் ஒரு பொருள்கூட ஆர்டர் செய்ததில்லை. யாருக்கு அனுப்ப என்று ஒரு தடவை கேட்டேன். "அக்கா ஒருத்தி இருந்தா. கோர்ட்டுக்கு வந்தா. அதோட சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். நீலப் புத்தகத்தில் புது ஆர்டர் எதுவும் இப்போதைக்குப் போகாது. பழைய புகார்களுக்குக் கம்பெனி தபாலில், பெயர் போட்டு, முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெயர் போட்டு! அந்த வார்த்தையை யார் எழுதிக் கொடுத்தது என்று கட்டடம் முழுக்கத் தெரியும். சாப்பாட்டுக்கூடத்தில் அவள் தட்டோடு நடந்து வந்தபோது யாரோ கரண்டியால் மேசையைத் தட்ட, எல்லோரும் தட்டினார்கள். காவலர் அதட்டினார். நடீன் காது வரை சிவந்துபோய், "சும்மா சாப்பிடுங்கடி" என்றாள்.

போர்வைக்காரிக்கு இன்னும் போர்வை வரவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 19, சனி

வந்தார்கள். அண்ணியும் கெசியாவும். இரண்டு வருடம், நான்கு மாதம். கெசியா என் தோளுக்கு வந்துவிட்டாள். என்ன பேசினோம் என்று பிறகு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும். அண்ணி உட்கார்ந்ததுமே, "அந்த நடீனை இங்க பாக்க முடியுமா?" என்றாள். முடியாது, அவளைப் பார்க்க ஆள் வந்தால்தான் இந்த அறைக்கு விடுவார்கள் என்றேன்.

"யாரும் வர்றதில்லையா?"

"இல்ல அண்ணி."

கிளம்பும்போது அண்ணி நடீனின் கைதி எண்ணைக் கேட்டாள். இரண்டு முறை சொல்லச் சொன்னாள். எழுதிக்கொள்ளப் பேனா கிடையாது, கெசியா மனப்பாடம் செய்துகொண்டாள்.

ஜூலை 25, வெள்ளி

மத்தியானம் தபால் வண்டி வந்தது. க்ரோல் அம்மாள் பெயர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்து எங்கள் கதவில் நின்றாள்.

"டாலிவர்!"

நடீன் தலையைத் தூக்கவே இல்லை. யாருக்கோ ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "கம்பெனியாத்தான் இருக்கும். கார்லிஸ், வாங்கி வையேன்."

வாங்கினேன். கனமான உறை. விலாசம் அண்ணியின் கையெழுத்து.

"நடீன்" என்றேன். "இறங்கி வா."